மோதாமல் பறக்கும் வித்தை



2024-ம் ஆண்டு அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. இந்திய விமானப்படையின் 92-வது ஆண்டு விழாவை ஒட்டி சென்னை மெரினா கடற்கரையில் விமான சாகச நிகழ்ச்சி நடந்தது. ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேரன், 'போயே ஆகணும் தாத்தா' என்று ஒரு வாரமாக நச்சரித்தான். அன்று காலை திண்டிவனத்தில் ரயில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

மறுநாள் மாலை, எங்கள் தெருவில் ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தேன். ஐந்து சைக்கிள்கள் அம்பு முனை போல வரிசை கட்டி, ஒன்றையொன்று உரசும் அளவு நெருக்கமாக வந்துகொண்டிருந்தன. முன்னால் என் பேரன். "சூர்யகிரண்... சூர்யகிரண்..." என்று கத்திக்கொண்டே வந்தவன், தெருமுனையில் ஒரு நாய் குறுக்கே ஓட, சட்டென்று பிரேக் பிடித்தான். அவ்வளவுதான். பின்னால் வந்தவன் அவன் மேல் மோத, அவன் மேல் இன்னொருவன் மோத, மூன்று பேர் கீழே. நல்லவேளை, முட்டியில் சிராய்ப்போடு போயிற்று.

"தாத்தா, இவன் சொல்லாம கொள்ளாம பிரேக் போட்டுட்டான்!"

"நாய் வந்துச்சுடா. நான் என்ன பண்றது?"

மருந்து போட்டுக்கொண்டே கேட்டேன். "சரிடா, நீ பிரேக் போடப் போறேன்னு பின்னால வர்றவனுக்கு எப்படித் தெரியும்?"

யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பேரன் கேட்டான். "அப்போ மேல பறந்தாங்களே ஒன்பது பேர், அவங்களுக்கு மட்டும் எப்படி தாத்தா தெரியுது?"

நல்ல கேள்வி! அவர்களுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

சூரியக் கதிரும் மயிலும்

நம் விமானப்படையில் புகழ்பெற்ற இரண்டு சாகசக் குழுக்கள் உண்டு. ஒன்று சூர்யகிரண். 'சூரியக் கதிர்' என்று பொருள். 1996-ம் ஆண்டு கர்நாடக மாநிலம் பீதர் விமானப்படைத் தளத்தில் தொடங்கப்பட்டது. முதலில் 'கிரண்' என்ற பயிற்சி விமானங்களில் பறந்தார்கள். அந்த விமானங்கள் பயிற்சிக்குத் தேவைப்பட்டதால் 2011-ல் குழு நிறுத்தப்பட்டது. 2015-ல் 'ஹாக்' ஜெட் விமானங்களுடன் மீண்டும் வந்தது. சிவப்பும் வெள்ளையும் பூசிய ஒன்பது விமானங்கள் ஒன்றாகப் பறக்கும்.

இன்னொன்று சாரங். இது ஹெலிகாப்டர் குழு. சாரங் என்றால் வடமொழியில் மயில். மயிலம் மலையை அறிந்த நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு மயிலைப் பற்றிச் சொல்லவா வேண்டும்! 'துருவ்' ஹெலிகாப்டர்களில் மயில் ஓவியம் தீட்டியிருப்பார்கள். இந்தக் குழுவின் இருப்பிடம் நம் தமிழ்நாட்டில், கோவை பக்கத்தில் உள்ள சூலூர்.

சூர்யகிரண் விமானிகள் எல்லோரும் மற்றவர்களுக்குப் பறக்கக் கற்றுத்தரும் பயிற்சி பெற்றவர்கள். அதாவது என்னைப் போல வாத்தியார்கள்! அப்படி ஆசிரிய விமானிகளை உருவாக்கும் விமானப்படைப் பள்ளி, நாம் எழும்பூர் போகும் வழியில் உள்ள தாம்பரத்தில்தான் இருக்கிறது.

நாலரை நிமிடத்தில் திண்டிவனம்

சாகச விமானம் மணிக்கு 540 கிலோ மீட்டர் வேகத்தில் பறப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு? 9 கிலோ மீட்டர். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் சுமார் 40 கிலோ மீட்டர். நாலரை நிமிடத்தில் வந்துவிடும்! ஒரு நொடிக்குக் கணக்குப் போடுங்கள். 150 மீட்டர்.

இந்த வேகத்தில் பக்கத்து விமானத்துக்கும் தனக்கும் நடுவே சில மீட்டர் இடைவெளி மட்டுமே விட்டுப் பறக்கிறார்கள். எப்படி முடிகிறது?

தாம்பரம் தாண்டியதும் ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பாருங்கள். பக்கத்துத் தண்டவாளத்தில் மின்சார ரயில் உங்களுடனே வரும். இரண்டும் ஒரே வேகத்தில் போனால், அந்த ரயில் நிற்பது போலவே தோன்றும். அதில் இருப்பவர் பத்திரிகை படிப்பதுகூடத் தெரியும். விமானிக்கும் அப்படித்தான். எல்லோரும் ஒரே வேகத்தில், ஒரே திசையில் போகும்வரை பக்கத்து விமானம் அசையாமல் நிற்பது போலத் தெரியும்.

ஆபத்து எங்கே வருகிறது? ஒருவர் மட்டும் வேகத்தையோ திசையையோ மாற்றும்போது. நம் தெருவில் நாயைப் பார்த்து ஒருவன் மட்டும் பிரேக் போட்டானே, அதுபோல.

அதனால்தான் அணித்தலைவர் எதையும் சொல்லாமல் செய்யமாட்டார். திரும்பும் முன்பும், மேலே ஏறும் முன்பும் ரேடியோவில் குரல் கொடுப்பார். அதுவும் ஒரே தாளத்தில். வாய்ப்பாடு ஒப்பிப்பது போல! அந்தத் தாளத்துக்கு ஏற்ப எல்லோர் கையும் ஒரே நேரத்தில் அசையும்.

தலைவரை மட்டும் பார்

அணியில் பறப்பவர் தரையைப் பார்த்துக்கொண்டு பறக்க முடியாது. அவர் கண் எப்போதும் தலைவரின் விமானத்திலோ, தனக்கு முன்னால் உள்ள விமானத்திலோதான் இருக்கும். தலைவர்தான் எல்லோருக்கும் சேர்த்து தரையையும் மேகத்தையும் பார்க்கிறார்.

1982-ம் ஆண்டு ஜனவரி 18. அமெரிக்காவின் 'தண்டர்பேர்ட்ஸ்' குழு நெவாடா பாலைவனத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தது. நான்கு விமானங்கள் வரிசையாக மேலே ஏறி, ஒரு பெரிய வட்டம் அடித்துக் கீழே வந்தன. தலைவரின் விமானத்தில் கட்டுப்பாட்டுக் கருவி சிக்கிக்கொண்டதால், அது நிமிரவில்லை. மற்ற மூவரும் பயிற்சி சொல்லித் தந்தபடி தலைவரையே பார்த்துப் பறந்தார்கள். நான்கு விமானங்களும் தரையில் மோதின. நால்வரும் இறந்தார்கள்.

ஒருவரை நம்பிப் பின்னால் பலர் வரும்போது, முன்னால் போகிறவருக்கு எவ்வளவு பெரிய பொறுப்பு, பார்த்தீர்களா?

ஒரு கூட்டல் கணக்கு

விழுப்புரம் ரயில் நிலையத்திலும் திண்டிவனம் நிலையத்திலும் ஊர் பெயர் எழுதிய மஞ்சள் பலகையைப் பார்த்திருப்பீர்கள். அதன் கீழே கடல் மட்டத்திலிருந்து அந்த இடம் எத்தனை மீட்டர் உயரம் என்று எழுதியிருக்கும். அடுத்த முறை போகும்போது படித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த எண் விமானிக்கு உயிர் காக்கும் எண். எப்படி? விமானத்தில் உள்ள உயரமானி, கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று காட்டுமாறு வைக்கப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். மெரினாவில் தரையும் கடல் மட்டமும் ஏறக்குறைய ஒன்றே. உயரமானி 3,000 அடி காட்டினால், தரைக்கு மேல் 3,000 அடி. ஆனால் பெங்களூரு நகரமே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே உயரமானி 3,000 அடி காட்டினால் விமானம் எங்கே இருக்கும்? தரையிலேயே!

எனவே ஒவ்வோர் ஊருக்கும் தனிக் கணக்கு. அந்த ஊரின் உயரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இந்தக் கூட்டலில் தவறினால் என்ன ஆகும்? 2003-ம் ஆண்டு செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் இடாஹோ மாநிலத்தில் நடந்தது. அதே தண்டர்பேர்ட்ஸ் குழுவின் விமானி கிறிஸ் ஸ்ட்ரிக்லின், மேலே ஏறி, தலைகீழாகத் திரும்பி, கீழ்நோக்கிப் பாய்ந்து நிமிர வேண்டும். அதற்குத் தரைக்கு மேல் 2,500 அடி உயரம் வேண்டும். உயரக் கணக்கில் தவறு செய்ததால் அவர் 1,670 அடி மட்டுமே ஏறியிருந்தார். கீழே வரும்போதுதான் இடம் போதாது என்று புரிந்தது. விமானத்தைக் கூட்டத்தை விட்டு விலக்கி, விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கையின் பிடியை இழுத்தார். விமானம் தரையில் மோத அப்போது மீதி இருந்த நேரம், ஒரு நொடிகூட இல்லை. 0.8 நொடி! உயிர் பிழைத்தார். பார்வையாளர்களுக்கும் ஆபத்தில்லை.

'கூட்டல் கணக்கு வாழ்க்கையில் எதற்கு சார்?' என்று இனி யாரும் கேட்காதீர்கள்.

நான்கு மடங்கு எடை

ஒரு தூக்குவாளியில் பாதி தண்ணீர் ஊற்றி, கையை நீட்டி வேகமாகச் சுழற்றுங்கள். வாளி தலைகீழானாலும் தண்ணீர் கொட்டாது. (வெளியில் வைத்துச் செய்யுங்கள். அம்மாவிடம் என்னைச் சொல்லிவிடாதீர்கள்!) தண்ணீரை வாளியின் அடியோடு அழுத்துவது போன்ற அந்த விசைதான், வட்டமடிக்கும் விமானியையும் இருக்கையோடு அழுத்துகிறது.

இதை 'ஜி' என்ற அளவால் சொல்வார்கள். 4 ஜி என்றால் உடல் எடை நான்கு மடங்கு ஆனது போல இருக்கும். 40 கிலோ உள்ள நீங்கள் 160 கிலோ ஆனது போல உணர்வீர்கள். கை தூக்குவதே கடினம். தலையில் உள்ள இரத்தம் கீழே இறங்கும். கண் இருட்டிக்கொண்டு வரும். இன்னும் கூடினால் மயக்கம்.

இதைத் தாங்க விமானிகள் கால், வயிற்றுத் தசைகளை இறுக்கி மூச்சுவிடப் பழகுகிறார்கள். காற்றால் உப்பிக் காலையும் வயிற்றையும் அழுத்தும் தனி உடையும் உண்டு. உடம்பு சரியில்லை என்றால் அன்று பறக்கக்கூடாது. 'சமாளிச்சுக்கலாம்' என்ற பேச்சே அங்கே கிடையாது.

கண்ணை ஏமாற்றும் வித்தை

மெரினாவில் இரண்டு விமானங்கள் எதிரெதிரே பாய்ந்து வந்தபோது என் பேரன் கண்ணை மூடிக்கொண்டான். 'மோதப் போகுது!' என்று பக்கத்தில் ஒரு அம்மாவும் கத்தினார். மோதவில்லை.

இரண்டு பென்சில்களை எடுங்கள். ஒன்றை முகத்துக்கு அருகிலும், மற்றொன்றைக் கை நீட்டியும் பிடியுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இரண்டையும் எதிரெதிர்த் திசையில் நகர்த்துங்கள். ஒன்றோடொன்று மோதுவது போலத் தெரியும். உண்மையில் நடுவே ஒரு அடிக்கு மேல் இடைவெளி இருக்கிறது. வானத்திலும் இப்படித்தான். ஒரு விமானம் கூட்டத்துக்குச் சற்று அருகில் உள்ள பாதையிலும், மற்றொன்று தள்ளி உள்ள பாதையிலும் வரும். கீழே இருக்கும் நமக்கு இடைவெளி தெரியாது.

சரி, பார்ப்பவர்களுக்கு ஆபத்து உண்டா? உண்டு. 1988-ம் ஆண்டு ஆகஸ்ட் 28-ல் ஜெர்மனியின் ராம்ஸ்டைன் விமானப்படைத் தளத்தில் இத்தாலியின் சாகசக் குழு பறந்தது. புகையால் இதயம் வரைந்து, அதை ஒரு விமானம் அம்பு போலத் துளைத்து வர வேண்டும். அந்த விமானம் கூட்டத்தை நோக்கி வந்தது. மூன்று விமானங்கள் மோதின. ஒன்று எரிந்தபடி கூட்டத்தில் விழுந்தது. விமானிகள் மூவர் உட்பட 70 பேர் இறந்தார்கள்.

அதன் பிறகு பல நாடுகள் விதிகளைக் கடுமையாக்கின. கூட்டத்தின் தலைக்கு மேல் சாகசம் கூடாது. கூட்டத்தை நோக்கிப் பாயக் கூடாது. பார்வையாளருக்கும் விமானப் பாதைக்கும் நடுவே போதிய தூரம் வேண்டும். மெரினா போன்ற கடற்கரையில் சாகசங்களைக் கடலின் மேல் செய்ய முடிவது இதற்கு வசதி.

பருந்தும் விதியும்

விமானத்துக்குப் பருந்தும் பெரிய எதிரி. வேகமாக வரும் ஜெட் என்ஜினுக்குள் ஒரு பறவை புகுந்தால் என்ஜின் நின்றுபோகலாம். அதனால்தான் பெங்களூரு எலஹங்காவில் 2025-ல் விமானக் கண்காட்சி நடந்தபோது, சுற்றிலும் 13 கிலோ மீட்டர் வரை இறைச்சி விற்பனையை மாநகராட்சி நிறுத்தியது. இறைச்சிக் கழிவைத் தேடிப் பருந்துகள் வட்டமிடும் அல்லவா? பறவைகளை விரட்டுவதைவிட அவை வரக் காரணமானதை நீக்குவது நல்லது.

இழப்பும் உண்டு

இத்தனை விதிகள் இருந்தும் இழப்புகள் நேர்ந்திருக்கின்றன. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. சூர்யகிரண் குழு 2006 மார்ச்சில் பீதர் அருகே இரண்டு விமானிகளையும், 2009 ஜனவரியில் ஒரு விமானியையும் இழந்தது. 2019 பிப்ரவரி 19 அன்று, எலஹங்காவில் கண்காட்சி தொடங்குவதற்கு முந்தைய நாள், ஒத்திகையில் இரண்டு ஹாக் விமானங்கள் மோதிக்கொண்டன. மூன்று விமானிகளில் இருவர் வெளியே குதித்துப் பிழைத்தார்கள். விங் கமாண்டர் சாஹில் காந்தி உயிரிழந்தார். இவை எல்லாமே பயிற்சியில் நடந்தவை. 'இது ஒத்திகைதானே' என்று இந்தத் தொழிலில் அலட்சியமாக இருக்க முடியாது.

2025 நவம்பர் 21 அன்று துபாய் கண்காட்சியில் தனியாக சாகசம் செய்த தேஜஸ் விமானம் விழுந்து விங் கமாண்டர் நமன்ஷ் சியால் இறந்தார். அவர் நம் சூலூர் தளத்தில் பணியாற்றியவர்.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் விசாரணை நடக்கும். யாரைத் திட்டலாம் என்று பார்ப்பதற்கல்ல. மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று கண்டுபிடிக்க.

'நிறுத்து' என்னும் தைரியம்

சாகசக் குழுக்கள் தினமும் செய்யும் ஒரு வேலை உண்டு. பறக்கும் முன் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, கண்ணை மூடி, தலைவர் குரல் கொடுக்க, மனதுக்குள்ளேயே முழு நிகழ்ச்சியையும் பறந்து பார்ப்பார்கள். இறங்கிய பின் வீடியோவைப் போட்டு, அவரவர் தவறை அவரவரே சொல்வார்கள். 'நான் இங்கே இரண்டு அடி தள்ளிப் போனேன்' என்று தலைவரும் சொல்வார். அங்கே பெரியவர், சின்னவர் கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று. ஏதோ சரியில்லை என்று அணியில் யாருக்குத் தோன்றினாலும் 'நிறுத்து' என்று சொல்லலாம். உடனே சாகசம் நிற்கும். எல்லோரும் பாதுகாப்பாக விலகிப் போவார்கள். லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி!

2025 ஜனவரியில் குஜராத்தின் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் ஹெலிகாப்டர் ஒன்று விபத்துக்குள்ளானது. உடனே துருவ் வகை ஹெலிகாப்டர்கள் பறப்பது நிறுத்தப்பட்டது. அடுத்த மாதம் பெங்களூருவில் பெரிய கண்காட்சி. ஆனாலும் சாரங் பறக்கவில்லை. ஆசையாகப் போனவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் ஏமாற்றம் இரண்டு நாளில் ஆறிவிடும். உயிர் திரும்பி வருமா?

பார்க்கப் போகும் நமக்கு

மெரினாவில் அன்று வானத்தில் ஒரு விபத்தும் இல்லை. ஆனால் தரையில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். உச்சி வெயில். லட்சக்கணக்கான கூட்டம். பலர் மயங்கி விழுந்தார்கள். கொண்டுபோன தண்ணீர் தீர்ந்ததும், முடியும் முன்பே நான் பேரனை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவனுக்கு என் மேல் கோபம். மறுநாள் செய்தித்தாள் படித்தபோதுதான் அமைதியானான்.

எனவே இப்படிப்பட்ட நிகழ்ச்சிக்குப் போனால், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், தொப்பி அல்லது குடை வேண்டும். பெரியவர்களின் கைப்பேசி எண்ணைச் சட்டைப்பையில் எழுதி வையுங்கள். தடுப்பைத் தாண்டாதீர்கள். மரத்தின் மேல், சுவரின் மேல் ஏறாதீர்கள். தலை சுற்றினால் வெட்கப்படாமல் உடனே சொல்லுங்கள். நீங்களும் 'நிறுத்து' என்று சொல்லலாம்!

சைக்கிள் அணி

இதையெல்லாம் கேட்ட எங்கள் தெருச் சூர்யகிரண் குழு என்ன செய்தது தெரியுமா? ஒரு பழைய நோட்டில் விதிகள் எழுதியது. தெருவில் ஓட்டக்கூடாது, விடுமுறை நாளில் காலி மைதானத்தில் மட்டும். இரண்டு சைக்கிளுக்கு நடுவே ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி. திரும்பும் முன் தலைவன் குரல் கொடுக்க வேண்டும். யார் 'நில்' என்றாலும் எல்லோரும் மெதுவாக விலகி நிற்க வேண்டும். 'பயந்தாங்கொள்ளி' என்று கேலி செய்யக்கூடாது.

கடைசி விதியை எழுதச் சொன்னது நான் அல்ல. முட்டியில் கட்டுப் போட்டிருந்த சிறுவன்தான் சொன்னான்.

அடுத்த ஞாயிறு மைதானத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஐந்து சைக்கிள்களும் வரிசை மாறாமல் வளைந்து வந்தன. பாதியில் ஒருவன் 'நில்' என்றான். செருப்பு வார் அறுந்துவிட்டதாம். ஐந்து பேரும் ஒழுங்காக விலகி நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. நான் கைதட்டினேன்.